காய்ந்தபின் பெய்த மழை

மகன் சாகக் கிடக்கிறான். தாய் கடிதம் எழுதுகிறாள். வள்ளல் எவரிடமும் அவள் இரந்து நிற்கவில்லை. தவணை தவறாமல் பணம் கட்டி வந்த காப்பீட்டுக் கம்பெனிக்கு, சேரவேண்டியதைக் கொடு என்று எழுதுகிறாள். மறுப்பு வருகிறது. மீண்டும் எழுதுகிறாள், மீண்டும் மறுப்பு. ஏழு முறை மறுத்த கம்பெனி எட்டாம் முறை மறுக்கும்போது, இத்தனை முறை கூறியும் விளங்கிக்கொள்ளாத அவளை முட்டாள் என்று ஒன்றுக்கு மூன்று தடவை எழுதி, அதன் கீழே கையெழுத்தும் இட்டு அனுப்புகிறது!

இந்தக் கடிதம்தான் 'தி ரெயின்மேக்கர்' என்ற அமெரிக்கப் படத்தின் முதுகெலும்பு. ஜான் கிரிஷாம் 1995இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, 'காட்பாதர்' படத்தைத் தந்த பிரான்சிஸ் போர்டு கொப்போலா 1997இல் எடுத்த நீதிமன்றப் படம். கால் நூற்றாண்டு கடந்த பழம்படம்தான். எனினும், மருத்துவம் அரசின் கடமையா, தனியாரின் வாணிபமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதனை யாரேனும் ஒருவர் எடுத்துக்காட்டிக்கொண்டே இருக்கின்றனர். எங்கள் ஊர்ப் படிப்பக நண்பர்களும், நாம் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் சிலரும் ஒரு ஞாயிறு மாலை கூடியிருந்து இதனைக் கண்டோம். படம் முடிந்ததும் தொடங்கிய வாதம், தேநீர் ஆறி ஏடு கட்டிய பின்னரும் ஓயவில்லை.

"பார்த்தாயா தம்பி! நோயைச் சந்தைக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும். மருத்துவம் சர்க்கார் கையில்தான் இருக்கவேண்டும்" என்றார், வயதில் மூத்த கணக்காசிரியர்.

"சர்க்கார் கையில் இருந்தால் மட்டும் கேட்டதும் கிடைத்துவிடுமா, ஐயா? அங்கே இல்லை என்று சொல்லமாட்டார்களா? இங்கேயாவது வழக்குப் போட முடிந்தது. அங்கே யார்மீது போடுவது?" என்று திருப்பிக் கேட்டார், தனியார் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர்.

இரு தரப்பாருமே படத்தைத் தத்தம் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினர். சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நிதானமாகக் கேட்டவர் குறைவு. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தோம்.

கதை மெம்பிஸ் நகரில் நடக்கிறது. சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்த ரூடி பெய்லர் என்ற ஏழை இளைஞனிடம், டாட் பிளாக் என்ற தாய் வந்து சேருகிறாள். அவள் மகன் டானி ரேக்கு இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு. காப்பீட்டுக் கம்பெனியோ பணம் தர மறுக்கிறது. கம்பெனிக்காக வாதாட வருபவர் லியோ டிரம்மண்ட்; உதவி வக்கீல்கள் புடைசூழ, விலையுயர்ந்த உடையும் வெண்ணெய் தடவிய பேச்சுமாய் வருகிறார். ரூடிக்குத் துணையாகத் தேர்வில் ஆறு முறை தோற்ற டெக் ஷிப்லெட் என்ற குட்டையன் ஒருவன். வக்கீல் பட்டமில்லை, வாயும் காலும் உண்டு. மேட் டேமன், ஜான் வாய்ட், டேனி டிவிட்டோ ஆகிய மூவரும் இப்பாத்திரங்களில் நன்றாகவே நடித்துள்ளனர்.

நீதிமன்றக் காட்சி என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது 1952இல் வந்த 'பராசக்தி'. கூண்டில் நின்று குணசேகரன் பேசப் பேசக் கொட்டகை அதிர்ந்தது. அந்தச் சுவையில் ஊறியவர்களுக்கு ரூடி ஏமாற்றமளிப்பான். அவன் திக்குகிறான், எந்த இடத்தில் ஆட்சேபிக்க வேண்டும் என்று தெரியாமல் விழிக்கிறான். இறுதி வாதத்தின்போது அவன் அடுக்குமொழி எதையும் நாடவில்லை. மறைந்துவிட்ட டானி ரேயின் வாக்குமூலப் படத்தை ஜூரர் முன் ஓடவிட்டு ஒதுங்கி நிற்கிறான். எலும்பும் தோலுமாய், வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளுக்கு மெல்லிய குரலில் விடை கூறும் அந்த முகம், அவ்வளவே. நாவன்மையில் நாட்டம் கொண்ட நாமே கூறுகிறோம்: அந்த இடத்தில் ஒரு சொல் கூடுதலாகப் பேசியிருந்தாலும் படம் கெட்டிருக்கும்.

ஆனால் நண்பர்கள் கவனிக்கத் தவறியது அந்த இடத்தில்தான் இருக்கிறது. வழக்கின் மையச் சாட்சி பேசும்போது அவன் உயிருடன் இல்லை. விசாரணை தொடங்குமுன்பே இறந்துவிட்டான். வழக்கு வெல்கிறது, 1,50,000 டாலர் இழப்பீடு, அதன்மேல் 5 கோடி டாலர் தண்டத்தொகை என்று ஜூரர் தீர்ப்புக் கூறுகின்றனர். கொட்டகையில் கைதட்டல் எழும். ஆம், மழை கொட்டுகிறது! தன் அலுவலகத்துக்குப் பெரும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டும் வக்கீலைத்தான் அந்நாட்டார் 'மழை வருவிப்பவன்' என்கின்றனர். படத்தின் பெயரும் அதுவே. மழை வந்தது, பயிர்தான் இல்லை. அந்த மழையிலும் ஒரு துளி தரையில் விழவில்லை என்பதையும் படம் மறைக்காமல் காட்டுகிறது. கம்பெனி மஞ்சள் கடிதம் நீட்டிவிடுகிறது. தாய்க்கும் காசில்லை, வக்கீலுக்கும் காசில்லை.

இந்த வெற்றிகூட எவ்வாறு வந்தது? வழக்கு முதலில் சென்றது ஹேல் என்ற நீதிபதியிடம். கம்பெனிப் பக்கம் சாய்ந்தவர். வழக்கைத் தூக்கியெறியும் எண்ணத்தில் இருந்தவர். மாரடைப்பால் அவர் இறக்கிறார். அவர் இடத்துக்குக் கிப்லர் என்ற கருப்பின நீதிபதி வருகிறார். அதன்பிறகே ஏழையின் சொல் அவையில் ஏறுகிறது. தரும தேவதையின் தராசு ஒரு மனிதனின் இதயத் துடிப்பில் தொங்கிற்று! கதையை நகர்த்தக் கிரிஷாம் கையாண்ட எளிய உத்தி இது என்று சிலர் குறை கூறினர். நமக்கோ, படத்தின் கசப்பான உண்மைகளில் ஒன்றாக இது படுகிறது.

கம்பெனியின் உள்ளே நடப்பதைப் படம் காட்டும் விதமும் கவனத்துக்கு உரியது. இழப்பீட்டுக் கோரிக்கைகளை எவ்வாறு கையாள்வது என்று ஊழியர்க்கு வழிகாட்டும் கையேடு ஒன்று இருக்கிறது. கோரிக்கை வந்ததும் முதலில் மறு. காகிதத்தை ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு அனுப்பு. அலுத்துப் போகிறவர் போகட்டும் என்பதே அதன் உட்பொருள். நீதிமன்றத்தில் காட்டப்படும் பிரதியிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் உருவிவிட்டிருக்கின்றனர். அங்கே வேலை பார்த்து வெளியேற்றப்பட்ட பெண்ணொருத்தி வந்து உண்மையைக் கூறுகிறாள். கொடுமைக்காரன் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தால் எளிதாக வெறுத்துவிட்டுப் போயிருப்போம். இங்கே மீசையில்லை. மேசை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, படிவம் இருக்கிறது. நோயாளியின் முகத்தை ஒருநாளும் காணாத ஒருவர், மாலையில் வீடு சென்று தன் குழந்தையைக் கொஞ்சும் ஒருவர், அந்த முத்திரையைக் குத்துகிறார்.

இத்தனையும் கற்பனைதானே என்பர். கம்பெனி கற்பனை, சினம் கற்பனையன்று. 2024 டிசம்பரில் நியூயார்க் தெருவில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமொன்றின் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கிடந்த தோட்டா உறைகளில் 'தாமதம்', 'மறுப்பு' என்ற பொருள்படும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. கொலை கொலைதான், அதற்கு நியாயம் கற்பிக்க நாம் வரவில்லை. ஆயினும் அந்தச் சொற்கள் எவ்விளக்கமும் இன்றி அந்நாட்டார் அனைவர்க்கும் புரிந்தன என்பதைச் சிந்திக்க வேண்டாமா?

கம்பெனி கூறும் காரணத்தையும் பார்ப்போம். எலும்பு மஜ்ஜை மாற்று என்பது இன்னும் சோதனை நிலையில் உள்ள சிகிச்சை, அதற்குப் பணம் தரத் தேவையில்லை என்கின்றனர். கதை எழுதப்பட்ட காலத்தில் இது எத்தகைய வாதம் தெரியுமா? இரத்தப் புற்றுநோய்க்கு இச்சிகிச்சையை வளர்த்தெடுத்த டொனால் தாமஸ் என்ற மருத்துவர்க்கு 1990இலேயே நோபல் பரிசு வழங்கப்பட்டுவிட்டது! உலகம் மாலையிட்ட பின்னரும் கம்பெனிக்கு மட்டும் அது சோதனை.

இங்கே ஒரு சங்கடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1993இல், கதையில் வருவதைப் போன்றே ஒரு வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. மார்பகப் புற்றுநோயால் வாடிய பெண்ணொருத்திக்கு மஜ்ஜை மாற்றுக்குப் பணம் தரக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. அவள் இறந்தபின் ஜூரர் கிட்டத்தட்ட 9 கோடி டாலர் வழங்குமாறு தீர்ப்பளித்தனர். நாடே ஆர்ப்பரித்தது. ஆனால் 1999இலும் அதன் பின்னரும் வெளியான ஆய்வுகள், அவ்வகைப் புற்றுநோய்க்கு அந்தக் கடுஞ்சிகிச்சை வழக்கமான மருந்தைவிட மேலானதன்று எனக் காட்டின. இரத்தப் புற்றுநோயில் உயிர் காத்த ஒன்று, இன்னொரு புற்றுநோயில் வீண் வேதனையாயிற்று. ஜூரர் நெஞ்சம் ஈரமுடையதுதான். ஈர நெஞ்சம் மருந்தைச் சோதிக்கும் கருவியாகுமா? எந்தச் சிகிச்சை பயன் தரும் என்பதைக் கம்பெனியின் கணக்கனும் கூற முடியாது, கண்ணீர் விடும் ஜூரரும் கூற முடியாது.

படம் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகளைச் சட்டம் அறிந்தோர் அறிவர். அமெரிக்காவில் 65 வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோர்க்குக் காப்பீடு, வேலை பார்க்கும் இடத்தின் வழியாகவே வருகிறது. அத்தகையோர் கம்பெனியை எதிர்த்துத் தண்டத்தொகை கேட்க முடியாது. 1974இல் இயற்றப்பட்ட 'எரிசா' என்ற சட்டம் குறுக்கே நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் கூறிவிட்டது. மறுக்கப்பட்ட பயனைக் கேட்கலாம். அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. கதைத் தாய் வீடு தேடி வந்த முகவரிடம் தானே பாலிசி வாங்கியவள். ஆகவேதான் அவள் வழக்கு நின்றது. அதே தாய் ஆலையில் வேலை செய்து, ஆலை வழியே காப்பீடு பெற்றிருந்தால் படமே இல்லை! இன்னொன்று: தண்டத்தொகை, இழப்பீட்டைப்போல் ஒற்றை இலக்க மடங்குக்கு மேல் போவது பெரும்பாலும் செல்லாது என்று 2003இல் அதே உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. படத்தில் வருவதோ முந்நூறு மடங்குக்கு மேல். வழக்குப் போட முடிந்தது என்று மகிழ்ந்த இளைஞர் இதனையும் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

சரி, கணக்காசிரியர் பக்கமே நாமும் என்று கூறிவிட்டு எழுந்து போகலாமா? அந்நாட்டிலும் அவர் பக்கம் பேசியவர்கள் இல்லாமலில்லை. குடிமக்கள் அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டுமென்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1945இலேயே கேட்டார்; மருத்துவர் சங்கமே எதிர்த்து நின்று அதனை வீழ்த்திற்று. 1965இல் முதியோர்க்கும் வறியோர்க்கும் மட்டும் திட்டங்கள் வந்தன. ஜான்சன், அச்சட்டத்தில் கையெழுத்திட ட்ரூமனின் ஊருக்கே சென்று, முதல் அட்டையை அந்த முதியவர் கையில் கொடுத்தார். 1994இல் கிளின்டன் காலத்து முயற்சி மீண்டும் தோற்றது. முதியவளுமல்லாத, ஏதுமற்றவளுமல்லாத டாட் பிளாக் போன்றோர் இடைவெளியில் நின்றனர். அங்கேதான் முகவர் வந்து கதவைத் தட்டினார். 2010இல் வந்த சட்டம், முன்பே நோயிருந்தது என்று சொல்லிக் காப்பீடு மறுப்பதைத் தடுத்தது. மறுப்பை வெளியார் ஒருவர் ஆராயவும் வழி செய்தது. அது நல்லதே. ஆனால் மேசையும் முத்திரையும் அப்படியே இருக்கின்றன.

ஆனாலும் இளைஞரின் கேள்வி நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே இல்லை என்று சொல்லமாட்டார்களா?

சொன்னார்கள். கிரிஷாமின் புதினம் வெளிவந்த அதே 1995இல், அதே இரத்தப் புற்றுநோய்க்கு, அதே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை, அரசு மருத்துவத்தின் தாயகம் எனப் போற்றப்படும் இங்கிலாந்தில் மறுத்தார்கள். 1948 ஜூலை 5ஆம் நாள், சுரங்கத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கிய அன்யூரின் பெவன் அமைச்சராக இருந்து தொடங்கிவைத்த பொது மருத்துவப் பணி அது. பணப்பையைக் காட்டாமல் மருத்துவமனைக்குள் நுழையலாம். அத்தகைய நாட்டில், கேம்பிரிட்ஜ் வட்டாரச் சுகாதார அமைப்பு, 10 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டாம் முறை மஜ்ஜை மாற்றுச் செய்ய மறுத்தது. செலவு 75,000 பவுன். பிழைக்கும் வாய்ப்பு மிகச் சிறிது. சிகிச்சையின் வேதனையோ பெரிது என்று மருத்துவர் கருதினர். தந்தை நீதிமன்றம் சென்றார். முதல் நீதிபதி அவர் பக்கம் சாய்ந்தார். அன்றைய தினமே மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றிற்று. எல்லையுள்ள பணத்தைப் பல நோயாளிகளிடையே எப்படிப் பங்கிடுவது என்ற வேதனையான முடிவை நீதிமன்றம் எடுக்க இயலாது என்றனர் நீதிபதிகள். பெயர் கூற விரும்பாத ஒருவர் பணம் தந்தார். தனியார் சிகிச்சை கிடைத்தது. 1996 மே மாதம் வரை அச்சிறுமி வாழ்ந்தாள்.

அந்த ஓராண்டு யாருடையது? சிறுமியுடையது, தந்தையுடையது. கணக்கு ஏட்டில் அதற்கு என்ன மதிப்பெண் போடுவது? நம்மால் முடியவில்லை. பொது மருத்துவத்தை விரும்பும் நாம் இந்த வழக்கை மறைத்துவிட்டுப் பேசினால், உருவிய கையேட்டை நீட்டிய கம்பெனிக்கும் நமக்கும் வேறுபாடு ஏது?

எனினும் அந்த இரு மறுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கேம்பிரிட்ஜில் மறுத்தவர்கள் சிறுமியின் நோயை ஆராய்ந்த பிறகு மறுத்தனர். ஏன் என்று கூறினர். கூறியதை மன்றத்தில் எல்லோர் காதும் கேட்க நின்று விளக்கினர். அவளுக்குச் செலவிடாத பணம் இன்னொரு நோயாளிக்குச் சேரும். பங்குதாரர் பைக்குள் போகாது. அவர்கள் முடிவு தவறு என்று பாராளுமன்றத்தில் கேட்கலாம், ஏட்டில் எழுதலாம், அடுத்த தேர்தலில் ஆளையே மாற்றலாம். படத்துக் கம்பெனியோ டானி ரேயின் நோயைப் பார்க்கும் முன்னரே மறுத்துவிட்டது. காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டது. விதியை ஒளித்து வைத்தது. மிச்சமான பணத்தை ஆதாயம் என்று எழுதிக்கொண்டது. இல்லை என்று சொல்லும் வாய் எங்கும் இருக்கும். எந்த வாய்க்கு அந்த உரிமையைக் கொடுப்பது, சொல்லும்போது அது முகத்தைக் காட்டுமா என்பதில்தான் நமக்கு அக்கறை. அந்த வழியில் பார்த்தால் கணக்காசிரியர் பக்கம்தான் நாம் அமர்வோம். சிறுமியின் நினைவோடு அமர்வோம்.

படத்தில் குறைகள் உண்டு. கணவனிடம் அடிபட்டுத் துன்புறும் கெல்லி என்ற பெண்ணின் கதை தனியாக ஒரு படத்துக்கு உரியது; இங்கே அது நாயகனுக்கு ஒரு காதலியைத் தேடித் தருவதற்காகவே நுழைந்ததுபோல் ஆகிவிட்டது. அந்தக் கிளைக்கதையும் ஒரு நல்ல காட்சிக்கு வழிவிடுகிறது: மருத்துவமனைக்குள்ளேயே டெக் புகுந்து, படுக்கையில் கிடப்போரிடம் கையெழுத்து வாங்கி வழக்குப் பிடிக்கும் காட்சி. நோயாளியைச் சுற்றிக் காப்பீட்டுக்காரன் ஒருபுறம், வக்கீல் மறுபுறம். நாம் சிரித்தோம், சிரித்தபின் சற்று வெட்கமாயிருந்தது. முடிவில் ரூடி வக்கீல் தொழிலையே வெறுத்து, சட்டம் கற்பிக்கும் ஆசிரியனாகப் போகலாமா என்று எண்ணுகிறான். வரட்டும், வரவேற்போம்; ஊதியத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொண்டு வரட்டும்!

நாம் மீண்டும் பார்க்க விரும்புவது டாட் பிளாக்கைத்தான். மேரி கே பிளேஸ் என்ற நடிகை ஆர்ப்பாட்டமே இல்லாமல் நடித்திருக்கிறார். கையில் எந்நேரமும் சிகரெட்டு, வாயில் குறைந்த சொற்கள், அழுவதற்கும் நேரமில்லாத முகம். காசு வராது என்ற செய்தியை ரூடி வந்து சொல்லும்போது அவள் இடிந்துபோகவில்லை. அப்பேர்ப்பட்ட கம்பெனியை மெம்பிஸில் இருக்கும் ஒருத்தியா இழுத்து மூடினாள் என்று வியக்கிறாள். இனி எவனையும் அவர்கள் ஏமாற்ற முடியாது என்று நிறைவு கொள்கிறாள். மகனின் கல்லறைக்குச் சென்று இதனை அவனிடம் சொல்லவேண்டும் என்கிறாள்.

கணக்காசிரியரும் அந்த இளைஞரும் அந்தக் காட்சியில் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தனர்.